உப்புத் தண்ணியில் கீசர் ஓட்டுபவர்களுக்கு

தங்கச்சிமடத்தில் எங்கள் வீட்டுக் குளியலறையில் தொங்கும் 15 லிட்டர் கீசரின் அடி மூடியைப் போன சித்திரையில் கழற்றினேன். உள்ளே மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். மாட்டுவதற்கு முன்பே ஒரு தடவை கழற்றிப் பார்த்து வைத்திருந்தேன், அப்போது சுண்டுவிரல் தடிமனில் வழவழவென்று இருந்தது. இப்போது இழுத்தால் ஈர்க்குச்சி போல ஒரு இரும்புக் கம்பி, அதில் அங்கங்கே அவல் ஒட்டியது போல நாலைந்து வெள்ளைத் துணுக்குகள். அவ்வளவுதான் மிச்சம். மாட்டி 14 மாதம்தான் ஆகியிருந்தது. மாட்ட வந்த தம்பி "ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை பாத்தாப் போதும் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அவர் மேல் தப்பில்லை, அவர் வேலை கற்ற ஊரில் அது சரியாகவே இருக்கலாம்.

இதற்கு முன்னால் இருந்த கீசர் மூன்று வருடம் முடியும் முன்பே டேங்க் ஓட்டையாகிப் போனது. பார்க்க வந்தவர் டார்ச் அடித்துப் பார்த்து, "டேங்க் போச்சு, புதுசுதான்" என்றார். வாரண்டி அட்டையைத் திருப்பிப் பொடி எழுத்தைப் படித்தால், இவ்வளவுக்கு மேல் கடினத்தன்மை உள்ள தண்ணீருக்கு வாரண்டி கிடையாது என்று போட்டிருந்தது. எங்கள் போர் தண்ணீர் அந்த எல்லையை எப்போதோ தாண்டியது. உள்ளே ஒரு கம்பி இருக்கிறது, அது கரைவதற்காகவே இருக்கிறது, கரைந்து முடிந்தால் அடுத்து டேங்க் கரையும் என்று அன்றைக்கு வரை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரைக்கும் கடற்கரையில் கீசர் வைத்திருக்கும் யாருக்கும் நான் முதலில் சொல்வது இந்தக் கம்பியைப் பற்றித்தான்.

இரும்புக் கப்பலின் அடியில் துத்தநாகக் கட்டி அடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கடல் தண்ணீர் இரும்பைத் தின்பதற்கு முன்னால் துத்தநாகத்தைத் தின்னட்டும் என்றுதான் அது. கீசர் கம்பியும் அதே கணக்குதான், துத்தநாகத்துக்குப் பதில் மெக்னீசியம். தண்ணீரில் உப்பு ஏற ஏற மின்சாரம் எளிதாக ஓடும், கம்பி வேகமாகக் கரையும். நல்ல தண்ணீர் ஊரில் நாலு வருடம் வரும் கம்பி இங்கே ஒன்றரை வருடத்தில் முடிந்தால் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. உப்புக் காற்றும் உப்புத் தண்ணீரும் இரும்பை என்ன செய்யும் என்று நமக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை. 1914இல் திறந்த பாம்பன் ரயில் பாலத்துக்குக் காலம் பூராவும் பெயின்ட் அடித்துக்கொண்டே இருந்தும், அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்த வேண்டியதாகிவிட்டது. நாம் கீசருக்கு ஒரு கம்பியாவது மாற்றலாம்.

முதலில் உங்கள் தண்ணீர் எது என்று தெரிந்துகொள்ளுங்கள்

நாம் எல்லாவற்றையும் ‘உப்புத் தண்ணி’ என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். ஆனால் கீசருக்கு இரண்டு தனித்தனி எதிரிகள். ஒன்று உவர்ப்பு, அதாவது கடல் உப்பு, குளோரைடு. நாக்கில் வைத்தால் கரிக்கும். இது பாறை (கெட்டியான வெள்ளைப் படிவம்) கட்டாது, ஆனால் உலோகத்தைத் தின்னும். துருப்பிடிக்காத எஃகு என்று சொல்லும் எவர்சில்வர் டேங்கிலும் வெந்நீரும் குளோரைடும் சேர்ந்தால் குண்டூசி முனை அளவில் ஓட்டை விழும். இன்னொன்று கடினத்தன்மை, அதாவது சுண்ணாம்பு. சோப்பு நுரைக்காது, தலைமுடி சீப்புக்குள் நுழையாது, வெந்நீர்ச் சட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும். தண்ணீரைச் சூடாக்கும்போது அதில் கரைந்திருந்த சுண்ணாம்புச் சத்து பிரிந்து, எங்கே சூடு அதிகமோ அங்கே போய் ஒட்டும். கீசருக்குள் அந்த இடம் தண்ணீரைச் சூடாக்கும் காயில். போர் தண்ணீர் பலவற்றில் இரண்டும் உண்டு, ஆனால் எது தூக்கல் என்று தெரிந்தால்தான் வைத்தியம் சரியாக வரும்.

டிடிஎஸ் மீட்டர் மொத்த உப்பை மட்டும்தான் காட்டும், எது எவ்வளவு என்று சொல்லாது. ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக் கூடத்தில் கொடுத்து, கடினத்தன்மை, குளோரைடு இரண்டையும் கேட்டு வாங்குங்கள். குடிநீருக்கான இந்தியத் தரம் கடினத்தன்மைக்கு லிட்டருக்கு 200 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 600 வரை என்கிறது. குளோரைடுக்கு 250, வழியில்லாவிட்டால் 1000. இது குடிக்கிற கணக்கு, கீசர் கணக்கு இல்லை, ஆனாலும் நாம் எங்கே நிற்கிறோம் என்று பார்க்க உதவும்.

நம் ராமேஸ்வரம் தீவில் ஒரு விசேஷம் உண்டு. தனுஷ்கோடி மணலில் கையால் தோண்டினாலே நல்ல தண்ணீர் ஊறும். மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான கடல் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. அதையே மோட்டார் வைத்து ஆழத்திலிருந்து இழுத்தால் கீழே இருக்கிற உப்பு மேலே ஏறிவிடும். அதனால் பத்து வருடம் முன்னால் நல்லாயிருந்த போர் இன்றைக்கும் நல்லாயிருக்கும் என்று நினைக்காதீர்கள், கோடை முடிவில் ஒரு தடவை, மழை முடிந்து ஒரு தடவை பாருங்கள். வீட்டில் காவிரிக் குடிநீர் இணைப்பு இருந்து, தண்ணீரும் ஒழுங்காக வருகிறது என்றால், 200 லிட்டர் தொட்டி ஒன்றை மாடியில் தனியாக வைத்து அதிலிருந்து கீசருக்கு மட்டும் குழாய் இழுப்பதுதான் இருப்பதிலேயே நல்ல வைத்தியம். வாளியில் வெந்நீரோடு போர் தண்ணீரைக் கலந்துகொள்ளலாம்.

சாஃப்ட்னர் விற்க வருபவர்களிடம் ஒன்று கேளுங்கள்: இது உவர்ப்பை எடுக்குமா? எடுக்காது. கால்சியத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சோடியத்தைப் போடும், அவ்வளவுதான். பாறை கட்டுவது நிற்கும், அரிப்பு நிற்காது.

கழற்றிப் பார்ப்பது

எப்போது என்றால், ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் செய்யுங்கள். படகைக் கரையேற்றி அடிப்பாகம் பார்க்கிற நேரம், அப்படியே கீசரையும் பார்த்துவிடலாம், மறக்காது. அந்த வெயிலில் யாரும் வெந்நீர் கேட்கவும் மாட்டார்கள். கரண்ட் வேலையில் பழக்கம் இல்லாதவர்கள் எலக்ட்ரீஷியனைக் கூட்டி வந்து பக்கத்தில் நின்று பாருங்கள், கம்பி மாற்றினாரா என்று கண்ணால் பார்ப்பது முக்கியம்.

கீசர் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பெட்டியில் அதற்குரிய எம்சிபியையும் (கரண்டை வெட்டும் சுவிட்ச்) இறக்கி, பிளக்கைப் பிடுங்குங்கள். அடி மூடியைத் திறந்ததும் டெஸ்டர் வைத்துப் பாருங்கள், அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று முதலில் கரண்ட் உள்ள வேறொரு பிளக்கில் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஆற வேண்டும், முந்தின நாள் இரவே அணைத்துவிட்டால் நல்லது.

அடுத்து தண்ணீரை வடிக்க வேண்டும், பலர் திணறுவது இங்கேதான். கீசருக்குப் போகும் வால்வை மூடிவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்தால் டேங்க் காலியாகாது. உள்ளே வெந்நீர்க் குழாய் டேங்கின் உச்சி வரை நீண்டிருக்கும், கீழே பச்சைத் தண்ணீர் வந்து தள்ளினால்தான் மேலே வெந்நீர் வழியும். தள்ள ஆள் இல்லையென்றால் அப்படியே நிற்கும். அதனால் வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள், அது காற்று உள்ளே போக. பிறகு பச்சைத் தண்ணீர் நுழையும் பக்கத்தில், நீல வளையம் போட்ட பக்கத்தில், சேஃப்டி வால்வின் சின்ன லீவரைத் தூக்கினால் அதன் மூக்கு வழியாக மெதுவாக வடியும். லீவர் இறுகிப் போயிருந்தால் (இங்கே இறுகித்தான் இருக்கும்) வால்வையே கழற்றி வாளியை நீட்டிப் பிடியுங்கள். கடைசியில் வரும் தண்ணீரைக் கீழே கொட்டாமல் பாருங்கள். எங்கள் வீட்டில் ஒரு செம்பு நிறைய வெள்ளைச் சேறு வந்தது, தேய்த்துப் பார்த்தால் நறநறவென்று அரிசி நொய் மாதிரி.

வயர்களைக் கழற்றும் முன் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காயில், சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் குழல், மெக்னீசியம் கம்பி மூன்றும் பெரும்பாலும் ஒரே வட்டத் தகட்டில்தான் மாட்டியிருக்கும். போல்ட்டுகளைக் கழற்றித் தகட்டை இறக்கினால் எல்லாம் கையோடு வந்துவிடும். கம்பி பாதிக்கு மேல் தேய்ந்திருந்தாலோ, நடுவில் இருக்கும் இரும்பு வெளியே தெரிந்தாலோ மாற்றிவிடுங்கள். பழையதைக் கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், மரையும் நீளமும் மாடலுக்கு மாடல் மாறும். சில நூறு ரூபாய்ச் சமாசாரம். கூடவே ரப்பர் கேஸ்கெட்டும் புதிதாக வாங்குங்கள், பழையதையே திரும்பப் போட்டு ஒழுகினால் எல்லாவற்றையும் மறுபடி கழற்ற வேண்டியிருக்கும். பூட்டும்போது போல்ட்டுகளை வரிசையாக இறுக்காமல் எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

காயிலில் பாறை கட்டியிருந்தால் கத்தியால் சுரண்ட வேண்டாம், கண்ணாடிப் பூச்சுள்ள காயில் என்றால் தொடவே வேண்டாம். லெமன் சால்ட் என்று மளிகைக்கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 50 கிராம் போட்டு, வயர் மாட்டும் முனைகள் நனையாமல் காயிலை ஒரு மணி நேரம் ஊறவிடுங்கள். நுரைத்து வந்தால் சுண்ணாம்பு. நுரை நின்றதும் பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவலாம். கழிப்பறை கழுவும் ஆசிட்டை ஊற்றுகிறவர்கள் உண்டு, பளிச்சென்றுதான் ஆகும், கூடவே காயிலின் செம்பு உறையையும் தின்றுவிடும். என் மச்சான் ஒருத்தர் அப்படிச் செய்து அடுத்த வாரமே புதுக் காயில் வாங்கினார்.

கோளாறு வந்தால்

விளக்கு எரியவில்லை, சூடும் ஆகவில்லை என்றால் காயிலைக் குறை சொல்லும் முன் பிளக்கைப் பாருங்கள். 2000 வாட் கீசர் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும், 3000 வாட் இன்ஸ்டன்ட் என்றால் 13. உப்புக் காற்றில் பித்தளை முனை களிம்பு பிடித்துப் பச்சையாகி, தொடர்பு லூசாகி, அங்கே சூடேறி, பிளாஸ்டிக் உருகிக் கறுத்திருக்கும். மீன் கருகுவது போல ஒரு வாடை வந்தாலே அணைத்துவிடுங்கள். கடலுக்குப் பக்கத்து வீடுகளில் பிளக்கே இல்லாமல், பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து வெட்டும் 20 ஆம்பியர் டிபி சுவிட்சில் நேராக இணைப்பது எனக்குச் சரியாகப் படுகிறது. சாதாரண சுவிட்ச் ஒரு கம்பியை மட்டும் வெட்டும். வயரிங் செய்தவர் பேஸையும் நியூட்ரலையும் மாற்றி இணைத்திருந்தால் நீங்கள் அணைத்த பிறகும் காயிலில் கரண்ட் நிற்கும்.

பிளக் நன்றாக இருந்தால் அடுத்து கட்‌அவுட். தண்ணீர் அளவுக்கு மீறிச் சூடானால் தானே வெட்டிவிடும், பல மாடல்களில் அடி மூடிக்குள் சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும், அமுக்கினால் திரும்ப ஓடும். ஒரு தடவை அமுக்கலாம். மறுபடியும் வெட்டினால் பெரும்பாலும் தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம், அப்படியானால் மாற்ற வேண்டும். கட்‌அவுட்டை எடுத்துவிட்டு நேராக வயரை முறுக்கிவிட்டுப் போகும் மெக்கானிக்கை வீட்டுக்குள் விடாதீர்கள்.

விளக்கு எரிகிறது, சூடு வரவில்லை என்றால் காயிலை மல்டிமீட்டரில் அளக்கலாம். வயரைக் கழற்றிவிட்டு, காயிலின் இரண்டு முனைக்கும் நடுவே 2000 வாட்டுக்கு 26 ஓம் பக்கம், 3000 வாட்டுக்கு 17, 18 காட்ட வேண்டும். ஒன்றுமே காட்டாவிட்டால் காயில் அறுந்துவிட்டது. சூடு வருகிறது, ஆனால் ரொம்ப நேரம் ஆகிறதா? 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60க்குக் கொண்டுபோக 2000 வாட்டில் 17 நிமிடம் போல ஆகும், 25 லிட்டருக்கு அரைமணிக்குக் கொஞ்சம் முன்னே. முப்பது நாற்பது நிமிடம் ஆகிறது என்றால் பாறை கட்டியிருக்கலாம், இல்லையென்றால் வோல்டேஜ் கம்மி. 230 வரவேண்டிய இடத்தில் 180 வந்தால் 2000 வாட் காயில் 1200 வாட் சொச்சம்தான் கொடுக்கும், அதற்குக் கீசரைக் கழற்றிப் பிரயோசனம் இல்லை.

கீசர் போட்டதும் உள்ளே சோளம் பொரிகிற மாதிரி சத்தம் கேட்டால் அது சுண்ணாம்புப் படிவத்துக்கு அடியில் மாட்டிய தண்ணீர் கொதிக்கிற சத்தம். உடனே வெடிக்காது, பயப்பட வேண்டாம், ஆனால் காயிலுக்கு நாள் எண்ணப்படுகிறது. சூட்டைக் குறைத்து வைப்பதும் பாறை கட்டுவதைக் குறைக்கும். மார்கழி வாடையிலும் நம் கரையில் தொட்டித் தண்ணீர் அப்படியொன்றும் ஜில்லிடுவதில்லை, 75இல் வைத்து என்ன சாதிக்கப் போகிறோம், 60 தாராளம்.

சேஃப்டி வால்வில் சொட்டுகிறது என்று அதன் மூக்கை அடைத்துவிடும் வேலையை மட்டும் செய்யாதீர்கள். தண்ணீர் சூடானால் விரியும், 25 லிட்டர் 30 டிகிரியிலிருந்து 70க்குப் போனால் அரை லிட்டருக்குக் கிட்ட கூடும், அது போக இடம் வேண்டும். சூடேறும் நேரத்தில் மட்டும் சொட்டினால் அது தன் வேலையைச் செய்கிறது, ஒரு சின்ன டியூபை மாட்டி வாளியில் விட்டுவிடுங்கள். கீசர் ஓடாத நேரத்திலும் நிற்காமல் ஒழுகினால் உள்ளே மணலோ உப்புப் பூவோ சிக்கியிருக்கும், லீவரை நாலு தடவை தூக்கி விட்டுப் பாருங்கள், சரியாகாவிட்டால் வால்வையே மாற்றுங்கள். வால்விலோ குழாயிலோ இல்லாமல் கீசரின் உடம்புக்குள்ளிருந்து துருநிறத்தில் சொட்டினால் டேங்க் போய்விட்டது, பற்றவைத்துத் தருகிறேன் என்பவரை நம்பிக் காசைக் கொடுக்காதீர்கள்.

வெந்நீரில் மட்டும் அழுகின முட்டை வாடை அடித்தால், போர் தண்ணீரில் இருக்கும் ஒருவகை பாக்டீரியா டேங்குக்குள் குடியேறியிருக்கிறது. மெக்னீசியம் கம்பி அதற்குக் கொஞ்சம் தோதாக இருக்கும் என்பதும் உண்மைதான், அதற்காகக் கம்பியைப் பிடுங்கிப் போட்டால் டேங்கைப் பலி கொடுத்ததாகிவிடும். ஒரு நாள் சூட்டை முழுசாக ஏற்றி ஒரு மணி நேரம் வைத்து, குழந்தைகளை அந்தப் பக்கம் விடாமல், வெந்நீரை முழுக்க வெளியேற்றிவிட்டால் பெரும்பாலும் போய்விடும். பூட்டிக் கிடந்த வீடுகளில்தான் இது அதிகம்.

எர்த் லீக் டிரிப்பர், அதாவது ஆர்சிசிபி, கீசர் போட்டதும் விழுகிறதா? இதை மட்டும் ஒத்திப்போடாதீர்கள். காயிலின் மேலுறையில் ஊசி ஓட்டை விழுந்து, கரண்ட் தண்ணீருக்குள் கசிகிறது என்று வையுங்கள், உப்புத் தண்ணீரில் அது நல்ல தண்ணீரை விடத் தாராளமாக ஓடும், குழாயைத் தொடுபவர் வழியாகத் தரைக்கு இறங்கும். டிரிப்பர் அடிக்கடி விழுகிறது, தொல்லை என்று அதைக் கழற்றி எறிந்த வீட்டை எனக்குத் தெரியும். அந்த வீட்டம்மா குழாயில் கை வைத்ததும் "சுருக்குன்னு எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு தம்பி" என்று என்னிடம் சொன்னார். போய்ப் பார்த்தால் பிளக்கில் எர்த் முனைக்கு வயரே கொடுக்கவில்லை. டிரிப்பர் 30 மில்லி ஆம்பியர் இருக்க வேண்டும், மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பார்க்க வேண்டும். எர்த் குழியையும் பாருங்கள். மணல் பூமி கோடையில் காய்ந்து போனால் எர்த் இருந்தும் இல்லாத மாதிரிதான், வாரத்துக்கு ரெண்டு வாளி ஊற்றுங்கள். இதெல்லாம் இருந்தாலும் எங்கள் வீட்டில் கீசரை அணைத்துவிட்டுத்தான் குளிக்கப் போவோம்.

3 லிட்டர் இன்ஸ்டன்ட் கீசர் பற்றிக் கேட்பவர்களுக்கு: பெரும்பாலானவற்றில் மெக்னீசியம் கம்பி கிடையாது, சின்ன டேங்கில் பெரிய காயில், கடினத் தண்ணீரில் சீக்கிரம் பாறை கட்டும். சமையலறைக்கு, அதுவும் காவிரித் தண்ணீருக்கு என்றால் வாங்கலாம்.

கடைசியாக, வெளிநாட்டில் இருந்துவிட்டு வருடத்துக்கு ஒரு தடவை வருகிறவர்கள். கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் இப்படிப் பூட்டிக் கிடக்கும் வீடுகள் நிறைய. போகும்போது டேங்கை வடித்துவிட்டு, எம்சிபியை இறக்கிவிட்டுப் போங்கள். வந்திறங்கிய அலுப்பில் குளிக்கலாம் என்று நேராகச் சுவிட்சைப் போடுவார்கள், காலி டேங்கில் காயில் தண்ணீர் இல்லாமல் எரிந்து நிமிடக் கணக்கில் போய்விடும். முதலில் மோட்டார் போட்டு மாடித் தொட்டியை நிரப்புங்கள், கீசர் வால்வைத் திறந்துவிட்டு வெந்நீர்க் குழாயைத் திறந்து வையுங்கள். முதலில் காற்று வரும், அப்புறம் துப்பித் துப்பி வரும், பழுப்பாக வரும். குழாயில் தண்ணீர் இடைவிடாமல், தெளிவாக, ஒரே கனத்தில் விழுகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம் சுவிட்ச்.